விரல் எண்ணிய நடுவர்

கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது என்பாள் என் மனைவி ஸ்டெல்லா. அபாண்டம். கோபம் வந்தால் எனக்குக் கண் மிக நன்றாகத் தெரியும். படத்தில் எத்தனை விரல் என்றுகூட எண்ணிவிடுவேன். மூளைதான் அந்த நேரம் பார்த்து எங்காவது போயிருக்கும்.

போன வருடம் இங்கே மலேசியாவில், சுங்கை பினாங்கில் ஒரு மண்டபத்தில் ஓவியப் போட்டி. ஜப்பானிய வீடியோ விளையாட்டுகளில் (வாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பூதம் கொல்வோமே, அந்த வகை) நாயகர்களை வரைகிற ஓவியர்களின் பாணியில், நமக்குப் பிடித்த ஒருவரை வரைய வேண்டும். முதல் பரிசு, படம் வரையும் டேப்லெட். ஏற்பாடு என் மச்சான் சேவியர். நடுவர் நான். தகுதி? முப்பது வருடமாக விளையாடுகிறேன். யாரும் கேட்காமலே அதைப் பற்றிப் பேசவும் செய்கிறேன்.

முதலில் என் உரை, அந்த விளையாட்டுகளுக்கு வரைந்த இரண்டு ஓவியர்களைப் பற்றி. மூத்த ஓவியர் தண்ணீரில் கரைந்த மையால் வரைபவர். நூல் போன்ற கோடு, பாதி மூடிய கண், காற்றில் பறக்கும் முடி. கைகளை மட்டும் நீளச் சட்டைக்குள் ஒளித்துவிடுவார். அடுத்து வந்தவர் ஒரு நாயகனுக்குப் பதினான்கு பெல்ட் மாட்டுவார். (கால்சட்டை நிற்க ஒன்று போதாதா ஐயா?) ஆனால் கை வரைவதில் மன்னர், நகக்கண் வரை தெரியும். “மூத்தவர் முகத்த நம்புனாரு, இளையவர் கைய நம்புனாரு!” என்று முடித்தேன். கைதட்டல். ஸ்டெல்லா மட்டும் தட்டவில்லை. வீட்டில் நாற்பது முறை கேட்டிருக்கிறாள்.

படங்கள் திரையில் வரத் தொடங்கின. முதல் மூன்றும் செயற்கை நுண்ணறிவை வைத்துக் கணினியே போட்டுத் தந்த படங்கள்; அதற்கு விரல் கணக்கு வராது. ஒரு நாயகனுக்கு ஆறு விரல். இன்னொருவனுக்கு முழங்கையில் வாள் முளைத்திருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு மனிதன் ஆயுள் முழுக்கக் கை வரையப் பழகுவானாம், இந்தச் சோம்பேறிகள் ஒரு வரி தட்டிவிட்டு டேப்லெட் வாங்கிக்கொண்டு போவார்களாம்!

அந்தக் கொதிப்பில்தான் பதினேழாம் எண் படம் வந்தது. பெல்ட்காரர் பாணி. நரைத்த முடி, நீண்ட கோட்டு, தோளில் ரம்பம். அசந்துபோனேன். கையைப் பார்த்தேன். எண்ணினேன். நான்கு.

மைக்கைப் பிடுங்கினேன்.

“நாலு வெரலு! அந்த மகா ஓவியர் பாணியில நாலு வெரலா? மெஷின் போட்ட படத்தக் காட்டி எங்கள முட்டாளாக்கப் பாக்குறீங்களா? யாரு இது? எந்திரிங்க!”

முப்பது வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள்; தொழிற்சாலைச் சீருடை. பக்கத்தில் இருந்த பெரியவரும் எழுந்தார். கோட்டு இல்லை, மற்றபடி அதே நரை, அதே மூக்கு. இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

மண்டபமே எண்ணியது.

“மெஷின்தான், தம்பி,” என்றார். “பலகை மில்லு மெஷினு. ஆனா அது வரையல. வெட்டுச்சு.”

அந்த நொடியில் ஒரு மனிதன் சொல்லக்கூடியவை எத்தனையோ உண்டு. நான் சொன்னது: “பரவாயில்லீங்கய்யா.”

விரலைத் தொலைத்ததற்காக அவரை மன்னித்துவிட்டேன்!

“பரவாயில்லயா?” அந்தப் பெண் கத்தினாள். “ரெண்டு மாசம் லீவு நாளெல்லாம் உக்காந்து வரைஞ்சேன், அண்ணே! மொதல்ல அப்பா கையத்தான் வரைஞ்சேன். அந்த ஓவியர் கைய நம்புனாருன்னு இப்பத்தான சொன்னீங்க? நானும் அதத்தான் நம்புனேன்!”

பதில் தேடிப் பின்வாங்கினேன். பதில் கிடைக்கவில்லை; காலுக்கு மைக் வயர் கிடைத்தது. பின்னால் கட்டியிருந்த பேனரோடு விழுந்தேன்.

“மச்சான், எறங்கு லா,” என்றான் சேவியர், பல்லைக் கடித்துக்கொண்டு. மிச்சத் தீர்ப்பைப் பார்வையாளர்களே கை தூக்கிச் சொன்னார்கள். முதல் பரிசு பதினேழுக்கு.

வாசலில் காத்திருந்து மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் வேண்டுமென்றே இடது கையை நீட்டினார். குலுக்கினேன்.

“எண்ணிட்டீங்களா?” என்றார். சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து சேவியர் சட்டம் போட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்தான். புது டேப்லெட்டில் அந்தப் பெண் வரைந்த முதல் படம், நடுவர் அண்ணனுக்கு. மூத்த ஓவியர் பாணியில் நான். நூல் கோடு, காற்றில் பறக்கும் முடி (வழுக்கைத் தலை எனக்கு!). பாணியை ஓரிடத்தில் மட்டும் மீறியிருந்தாள்: கண்கள் பாதி அல்ல, முழுதாக மூடியிருந்தன. கைகள் இரண்டும் சட்டைக்குள் ஆழமாகப் புதைந்திருந்தன.

ஸ்டெல்லா அதைக் கூடத்தில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாம், “கை எங்க?” என்று கேட்கிறார்கள்.

“உள்ளதான் இருக்கு,” என்கிறாள் அவள். “வெளிய எடுத்தா எண்ண ஆரம்பிச்சிடுவாரு.”