பதினான்காம் பக்கத்துப் பல் டாக்டர்

பதினான்காம் பக்கத்தில் பல் டாக்டர் இருந்தார். ஒயின் பட்டியலுக்குள் அவருக்கு என்ன வேலை?

"இது பல் டாக்டர் வாங்குவது. அவருக்கு விலைதான் ருசி. விலையைக் குறைத்துச் சொன்னால் புளிக்கிறது என்பார்."

படித்தவள் இன்னொரு முறை படித்தாள். எழுதியதே அவள்தான். உயர்ரக ஒயின் விற்கும் அந்தக் கடையில் பட்டியல் எழுதுவது அவள் வேலை. மோந்து பார்த்தே ரகம் சொல்லிவிடுவதால் எல்லோருக்கும் அவள் 'மூக்கு மேடம்'. கனிவு, நறுமணம் என்று பட்டியலுக்குக் கௌரவமாக எழுதிக் கொடுப்பாள். மனசில் பட்டதைத் தனி ஃபைலில் போட்டு வைத்துக்கொள்வாள். அந்தத் தனி ஃபைல்தான் இப்போது ஒரு முழுப் பக்கத்துக்கு அச்சாகியிருந்தது.

அச்சகத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பதினாலாம் பக்கத்துல என்னத்தப் போட்டு வச்சிருக்கீங்க?"

"நீங்க அனுப்பினதத்தாம்மா. ரெண்டு ஃபைல் வந்துச்சு. ஒண்ணு படிச்சா ஒண்ணும் புரியல. இன்னொண்ணு நல்லாப் புரிஞ்சுது. புரிஞ்சதப் போட்டுட்டேன்."

வாடிக்கையாளர்களுக்குப் போக வேண்டிய முந்நூறு பிரதிகளும் நேற்றுக் காலையே வேனில் ஏறிவிட்டன. கடைக்கென்று எடுத்து வைத்த ஒரு பிரதிதான் அவள் கையில் இருந்தது. டிரைவரைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. முதலாளி நாலு மணிக்கு ஊரிலிருந்து வருகிறார். ஒரே ஒரு எழுத்துப்பிழைக்காக இவளுக்கு முன்பிருந்தவரை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். இவள் கணவனோ மூன்று மாதமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறான். இந்தச் சம்பளமும் போனால் என்ன செய்வது?

பதறக்கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அச்சுப்பிழைக்குத்தான் பிழைதிருத்தம் என்று ஒன்று இருக்கிறதே! தவறை முதலில் அப்படியே போட்டு, பக்கத்தில் சரியானதைப் போட வேண்டும். எதையும் முறைப்படி செய்கிறவள் அவள். வரி விடாமல் தட்டினாள்.

"'அவருக்கு விலைதான் ருசி' என்பதை 'கனிவான பின்சுவை' என்று திருத்தி வாசிக்கவும். 'நகைக்கடைக்காரர் மனைவி இதில் ரகசியமாகச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறார்' என்பதை 'இயற்கையான இனிப்பு' என்று திருத்தி வாசிக்கவும். 'ஓய்வுபெற்ற நீதிபதி இதை வாங்குவது குடிக்க அல்ல, விருந்தாளிகளிடம் பீற்றிக்கொள்ள' என்பதை..."

இப்படி ஏழு. பல் டாக்டர் பெயரை மறக்காமல் அவர் வரிக்கு முன்னால் சேர்த்தாள், குழப்பம் வரக்கூடாது பாருங்கள். முந்நூறு வாடிக்கையாளர்களின் போனுக்கும் ஒரே தட்டலில் அனுப்பினாள்.

காலையிலிருந்து வாயே திறக்காத கடைப் போன் அலறத் தொடங்கியது.

"ஏம்மா, எனக்கு விலைதான் ருசியா?" பல் டாக்டர்.

"சார், அதத் திருத்திட்டோம் சார். கனிவான பின்சுவைன்னு..."

"யாருக்கு? எனக்கா?"

அடுத்து நகைக்கடைக்காரர் மனைவி. "சர்க்கரை விஷயம் எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

"மேடம், அவருக்குத் தெரியாம நான் பாத்துக்கறேன்."

"பக்கத்துலதான் உக்காந்து படிச்சிட்டிருக்காரு!"

திருத்தத்தில் மாட்டிய மற்றவர்களும் வரிசையாகக் கூப்பிட்டுத் திட்டி முடித்தார்கள். இனி நீதிபதி ஒருவர்தான் பாக்கி. அவர் பார்ப்பதற்குள் தானே மன்னிப்புக் கேட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று கூப்பிட்டாள்.

"பட்டியலா? எந்தப் பட்டியல்?" என்றார் நீதிபதி.

அப்பாடா, இன்னும் பிரிக்கவே இல்லை! "புதுசு சார். பதினாலாம் பக்கத்த மட்டும் பாக்காதீங்க சார்."

"உங்க கடைலேர்ந்து ஏதோ மெசேஜ் வந்திருக்கே. இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்."

அவர் ஏழு திருத்தங்களையும் சத்தம் போட்டே படித்தார்.

"நாலு மணிக்கு உங்க முதலாளி இருப்பாரில்ல? நேர்லயே வர்றேன்."

நாலடிக்க ஐந்து நிமிடம். வாசலில் நீதிபதியின் கார். அதன் பின்னால் பல் டாக்டரின் கார். இரண்டுக்கும் நடுவே முதலாளியின் டாக்ஸி நுழைய இடம் தேடிக்கொண்டிருந்தது. ராஜினாமாக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

அப்போது பின்வாசல் வழியாக டிரைவர் வந்தார். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் பயம்.

"மூக்கு மேடம், நீங்கதான் என்னைக் காப்பாத்தணும். பயந்துக்கிட்டுதான் போனே எடுக்கல."

"நீங்க என்னண்ணே பண்ணீங்க?"

"நேத்து தெரு முனையிலயே வேன் படுத்துருச்சு மேடம். ஒர்க்‌ஷாப்லேர்ந்து இப்பத்தான் எடுத்துட்டு வர்றேன். ஒரு பட்டியல்கூட யாருக்கும் போகல, முந்நூறும் வேன்லயே பத்திரமா இருக்கு. நீங்க அனுப்பின அந்தத் திருத்தம், என் போனுக்குக்கூட வந்துச்சே, அது மட்டும்தான் எல்லாருக்கும் போயிருக்கு!"