பெனித்தோவுக்கு நாங்கள் செலுத்திய அஞ்சலி

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. யாராவது கதையைப் பாதியில் நிறுத்திவிட்டால் மீதி தெரியும்வரை சோறு இறங்காது. (மனைவி இதை விடுப்பு, ஊர்வம்பு என்பாள். நான் ஆர்வம் என்பேன்.) அந்த வியாதிதான் உயிரோடிருந்த ஒரு மனிதரைக் கனடாவின் ஸ்கார்பரோ பூங்காவில் வைத்துச் சாகடித்தது.

தொண்ணூறுகளில் நான் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். எதிரே நின்று டேப் ஒட்டியவர் பெனித்தோ. பராகுவே நாட்டுக்காரர், பெரிய மீசை. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் பர்ஸைத் திறந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார். கோடு போட்ட ஜேர்சி, காலடியில் பந்து, அதே மீசை. மனிதர் ஒரு காலத்தில் தொழில்முறை முன்கள வீரராம்!

அன்று தொடங்கியது என் சனி. தினமும் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முதல் போட்டியில் எதிரணிக் கோல்காப்பாளர் அந்த ஊரின் ஒரே பல் டாக்டர். அவருக்கு மூன்று கோல் அடித்த அடுத்த வாரமே பெனித்தோவுக்குப் பல்வலி வந்துவிட்டது. பிறகு தலைநகரில் ஒரு கழகம், பிறகு மெக்சிகோ. தேசிய அணிக்கு ஒரே ஒருமுறை கூப்பிட்டு, ஆட்டம் முடியும்வரை கோட்டுக்கு வெளியே மர வாங்கிலேயே இருத்தி வைத்தார்களாம். கடைசியாக ஓர் அரையிறுதி. முதல் பாதியில் இரண்டு கோலும் அவருடையவை. இடைவேளையில் உள்ளே போய், சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். அதன்பிறகு ஆடவேயில்லை.

"ஏன்?" என்றேன்.

"இன்னொரு நாள்," என்றார். மணி அடித்தது.

குளிர்காலம் முழுக்க அந்த இன்னொரு நாள் வரவில்லை. காயமா? காதலா? பயிற்சியாளரோடு சண்டையா? கேட்டால் டேப்பைக் கிழிப்பார். நான் கோணலாகப் பெட்டி கட்டி, மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.

கோடையில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கால்பந்துப் போட்டி வந்தது. வழக்கமாக வீடு விற்கும் ஏஜென்ட் ஒருவர்தான் பிரதம விருந்தினர். இம்முறை பெனித்தோவைக் கூப்பிடலாம் என்றேன். தலைவர் சபா அண்ணைக்குப் புளுகத்தில் தலைகால் புரியவில்லை. பெனித்தோ மட்டும் யோசித்தார். "மைக் தருவீர்களா?" என்று கேட்டார். தருவோம் என்றேன். "சரி, ஏன் நிறுத்தினேன் என்று அங்கே சொல்கிறேன்."

நான் நிலத்தில் நிற்கவில்லை. அவருடைய படத்தை வாங்கிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். கீழே பெயர். அதற்குக் கீழே அவர் ஆடத் தொடங்கிய ஆண்டு, சின்னதாய் ஒரு கோடு, நிறுத்திய ஆண்டு. காலையில் அதை மேடை மேசையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவரைக் கூட்டிவரக் காரில் போனேன். (கறுப்பு வெள்ளைப் படம், பெயர், இரண்டு ஆண்டு, பக்கத்தில் விளக்கு. எங்கள் சனம் இதைப் பார்த்தால் என்ன செய்யும் என்று ஒரு விநாடி யோசித்தேனா? இல்லை.)

நடந்ததைப் பிறகு விசாரித்து அறிந்தேன். செயலாளரின் மனைவி மணி அன்ரி படத்தைக் கண்டிருக்கிறா. விருந்தினரின் கழுத்துக்கென்று வைத்திருந்த பூமாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டு, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டா. ஆண்டுகளைக் கழித்தும் பார்த்திருக்கிறா.

"பதின்மூண்டு வயசுதானாம், பாவம். அதுக்குள்ள என்ன மீசை!"

சபா அண்ணை வந்து மாலையைக் கண்டார். என்னையும் காணவில்லை. "ஐயோ, சீவ் கெஸ்ட் மோசம் போயிட்டார் போல! இவன் செத்தவீட்டுக்குத்தான் போயிருப்பான்," என்று முடிவே கட்டிவிட்டார்.

நாங்கள் போய் இறங்கியபோது மைதானமே தலை குனிந்து நின்றது. பெனித்தோ மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"யார் இறந்தது?" என்று காதுக்குள் கேட்டார்.

"எங்கள் விழா எல்லாம் இப்படி மௌன அஞ்சலியோடுதான் தொடங்கும்," என்றேன் பெருமையாக. அவரும் குனிந்து அஞ்சலி செய்தார். நிமிர்ந்தபோது மேடையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு அந்தப் புல்வெளி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

"தம்பி, உவர் ஆர்? செத்தவரின்ரை தமையனோ?" என்று சபா அண்ணை ஓடிவந்தார்.

"அண்ணை, உவர்தான் செத்தவர்!"

உளறியது நான்தான். மணி அன்ரி கையில் இருந்த ரோல்ஸ் தட்டோடு அப்படியே புல்லில் குந்திவிட்டா. விளங்கியதும் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெனித்தோ மட்டும் சிரிக்காமல் மேடையேறி, தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"ஏன் ஆட்டத்தை நிறுத்தினேன் என்று சொல்லத்தான் வந்தேன்," என்றார். "ஆனால் செத்தவர்கள் கதைப்பதில்லை."

அவ்வளவுதான். மைக்கை வைத்துவிட்டு வந்து கொத்துரொட்டி சாப்பிட்டார். போகும்போது படத்தை மாலையோடு கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்போது அவர் கல்கரியில் மகளோடு இருக்கிறார். வருடப்பிறப்புக்குப் போன் எடுத்தால் நான் மறக்காமல் கேட்பேன், அவர் மறக்காமல் அதே பதிலைச் சொல்வார். எனக்கு அழுகையே வரும்.

இதில் கொடுமை, வீட்டில் அந்த வசனம் நிலைத்துவிட்டதுதான். போன சனிக்கிழமை மகள் புதுச் சட்டை போட்டு, வாசனை பூசிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

"ஆரோடை போறாய், பிள்ளை?" என்று கேட்டேன்.

"செத்த ஆக்கள் கதைக்கிறேல்லை, டாட்," என்று கதவைச் சாத்திவிட்டாள். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த விதத்தைப் பார்த்தால் அவளுக்கு மீதிக் கதை தெரியும் போலிருந்தது.