பிராசஸருக்கு ஒரு பொட்டு

பழனி மறுபடியும் பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டர் மூச்சு விடவில்லை. சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம் என்று கல்யாணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்ததே தவிர, ஒரு விளக்குகூட எரியவில்லை.

அன்று ஆயுத பூஜை. சேவூரில் அந்த வீட்டுக்கு ஆயுதங்கள் இரண்டு. ஒன்று பழனியின் தறி. மற்றது அவர் மனைவி ஸ்வர்ணலதாவின் கம்ப்யூட்டர். பட்டுப்புடவை பார்டருக்கும் முந்திக்கும் அவள் அதில்தான் டிசைன் போடுவாள். தறி வருமானம் பழனியின் டீச்செலவுக்கு ஆகும். வீடு ஓடுவதெல்லாம் கம்ப்யூட்டரில். போன வருஷம் கீ-போர்டைச் சோப்புப் போட்டுக் கழுவியதற்கே அவள் தீபாவளி வரை அவரோடு பேசவில்லை.

செல்போன் அடித்தது. ஸ்வர்ணலதாதான். பெரணமல்லூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

"ஏங்க, பூஜை ஆச்சா?"

"ஆயிகினே இருக்குது."

"கம்ப்யூட்டர் பக்கம் போவாதீங்க. அது எப்டி இருக்குதோ அப்டியே இருக்கணும். சாயங்காலம் முத்துவேல் முதலாளி கார்லயே வந்துடுவேன். அவரு அதை ஓட்டிப் பாக்கணும்னு சொன்னாரு."

"எ... எதுக்கு?"

"வந்து சொல்றேன்."

முத்துவேல்தான் அவளுக்கு டிசைன் ஆர்டர் கொடுக்கிற பட்டு வியாபாரி. தீபாவளிப் புடவை டிசைன்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. முதலாளி பொத்தானை அழுத்தி, அது எரியாமல் போனால், ஆர்டர் போகும். ஆர்டர் போனால் ஸ்வர்ணலதா தன்னையும் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவாள் என்று அவர் நம்பினார். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பெட்டியை வேட்டியில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஆரணி கடைவீதிக்குப் பறந்தார். பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் அருள்மணி, கடைக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஜல்தியா இதைத் தொறந்து பாரு."

"இன்னிக்கு முடியாதுண்ணா. ஸ்குரூ டிரைவரெல்லாம் பூஜையில இருக்குது. நாளைக்குத்தான் தொடணும்."

"நாளைக்கு நான் இருக்கணுமே!"

அருள்மணி அவர் முகத்தைப் பார்த்தான். பாவமாக இருந்தது. எதிர்க்கடைக் கடிகார பாயிடம் ஸ்குரூ டிரைவர் கடன் வாங்கிவந்து திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாண்ணா இது?"

"சந்தனம்."

"அது தெரியுது. பிராசஸருக்கு மேலயும் இருக்குது, கீழயும் இருக்குதே?"

"அதுதான் மெயினுன்னு இதை விக்கும்போது நீதானே சொன்ன? மெயினுக்குப் பொட்டு வெக்காம டப்பாவுக்கு வெச்சா அது பூஜையா? யாரோ முன்னாடியே வெச்ச சந்தனம் வேற வெள்ளையா காஞ்சி போயிருந்திச்சி. அதைச் சொரண்டி, பாத்திரம் தேய்க்கிற நாரு போட்டுத் தேச்சி, புதுசா வெச்சேன்."

"அது சந்தனம் இல்லண்ணா! சூடு எறங்கறதுக்குத் தடவுற பேஸ்ட்டு! நல்லவேள, உங்க சந்தனம் மத்த எடத்துக்கு ஓடல. பிராசஸர் மட்டும்தான் போச்சி. கம்பியெல்லாம் வளைச்சி வெச்சிருக்கீங்க."

"அதே மாதிரி வேற ஒண்ணு போடு."

"எது மாதிரி? அதுமேல இருந்த பேரையே தேச்சி எடுத்துட்டீங்களே!"

இந்தப் பழைய பெட்டிக்குப் பொருந்துவதாக அருள்மணியிடம் இரண்டுதான் இருந்தன. இரண்டையும் மேஜைமேல் வைத்தான்.

"இது டூயல் கோர். ரெண்டு பேரு நெதானமா நெய்யுறா மாதிரி. இது சிங்கிள் கோர். ஒரே ஆளு, ஆனா பேய் வேகம். எது வேணும்?"

பழனி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் அவரை முறைப்பதுபோலத் தெரிந்தது. ஸ்வர்ணலதாவைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்டால் மாட்டிக்கொள்வார்.

"ஒருத்தரவிட ரெண்டு பேரு நல்லதுதானே? ரெண்டையே போடு."

சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் போட்டான். விளக்கு எரிந்தது. பழனிக்கு உயிர் வந்தது. டிசைன் ஒன்றைத் திறக்கச் சொன்னார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. அருள்மணி போய் டீ வாங்கிவந்தான், குடித்தான், டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி இது? முன்னாடியே இது மந்தம்தான். அவ காபி கலக்கிகினு வர்றதுக்குள்ள தொறந்துடும். இப்ப குளிச்சிட்டே வரலாம் போலக்கீதே!"

"உங்க சாப்ட்வேர் ரொம்ப பழசுண்ணா. அதுக்கு ஒருத்தருக்குத்தான் வேலை சொல்லத் தெரியும். ரெண்டாவது ஆளு சும்மா குந்திகினு இருக்கான்."

பழனிக்கு அது உடனே புரிந்தது. தறியில் புடவையின் உடம்பை மட்டும் நெய்யும்போது, பார்டருக்கு நாடா தள்ள வந்த இரண்டாவது ஆளும் அப்படித்தான், கூலியை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான்.

"அப்ப அந்த வேகக்காரனையே போடு!"

மாற்றியதும் டிசைன் படாரென்று திறந்துகொண்டது. அன்னப்பட்சிகள் வரிசையாக வந்து நின்றன. பழனி சந்தோஷப்படப் போனார். உடனே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது.

"ஐயோ, இவ்ளோ வேகமா தொறந்தா சந்தேகப்படுவாளே! கொஞ்சம் மெதுவா தொறக்கற மாதிரி பண்ண முடியாதா?"

"அப்ப டூயல் கோரையே போடட்டுமா?"

"வாணாம்!"

"அண்ணா, ரொம்ப பேஜார் பண்றீங்க. பாய் கடை சாத்தப் போறாரு. ஸ்குரூ டிரைவரைக் குடுக்கணும். ஒண்ணைச் சொல்லுங்க."

மெதுவாக ஓடினால் நிச்சயம் திட்டு. வேகமாக ஓடினால் ஒருவேளை திட்டு. பழனி ஒருவேளையைத் தேர்ந்தெடுத்தார்.

வீட்டில் கொண்டுவந்து வைத்தபிறகுதான் தெரிந்தது, வேகக்காரனுக்குச் சூடும் அதிகம் என்று. உள்ளே இருந்த விசிறி விசைத்தறி மாதிரி கத்தியது. பழனி பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை இழுத்து வைத்தார். சத்தம் இரட்டிப்பானது. அதை மறைக்க டி.வி.யில் அம்மன் பாட்டைப் போட்டார். பக்கத்து வீட்டில் சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினார்கள். கழற்றிய மூடி கண்ணில் படாதிருக்க அதன்மேல் பொரியும் கடலையும் கொட்டிப் படையல் தட்டாக்கினார். பயம் வந்தால் பழனிக்கு மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் முத்துவேல். பின்னாலேயே ஸ்வர்ணலதா. அபூர்வமாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பே பழனியைப் பயமுறுத்தியது.

"தொடலையே?" என்று கிசுகிசுத்தாள்.

"பொட்டு மட்டும்தான்."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். பழனி கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டார். ஒரு கிளிக். அன்னப்பட்சி பார்டர் படாரென்று வந்தது. இன்னொரு கிளிக். முந்தி வந்தது. முதலாளி விடாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாம் வந்து நின்றன.

பழனி கண்ணைத் திறந்தார். பிழைத்துவிட்டோம்! பெருமையாக மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

முதலாளி ஃபேன் சத்தத்துக்கும் மேலாக வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

"டிரைவர்! ஸ்வர்ணாவுக்கு வாங்கின புது கம்ப்யூட்டரை எறக்க வாணாம்பா, இதுவே சூப்பரா ஓடுது!"