வயிற்று நோவுக்குத் தோளில் எண்ணெய்

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருக்கிற பிளாக்டவுனில் தேசிக்காய் அளவு ஆலங்கட்டி விழுந்து, என் மருமகனின் புதுக் காரைப் பணியாரச் சட்டி போலக் குழித்ததே, அதற்கு அடுத்த கிழமைதான் எங்கள் கோயில் திருவிழா. (காருக்காக அவர் அழுத அழுகை இருக்கிறதே! சரி, அது கிடக்கட்டும்.)

எழுபது வயதில் சாமி காவ ஆசைப்படுகிறவன் மடையன். நான் ஆசைப்பட்டேன். கெஞ்சிக் கூத்தாடி இடப்பக்கத் தடியில் ஓர் இடம் பிடித்து, இடத்தோளில் சாமியைச் சுமந்து வீதி சுற்றி வந்தேன். பிறகு அன்னதானம். "சாமி காவினவருக்கு இன்னும் வையுங்கோ" என்று வைத்த நெய்ச்சோறு, உழுந்துவடை ஒன்றையும் மிச்சம் விடவில்லை.

பின்நேரம் வலத்தோளில் பிடித்ததே ஒரு நோ! ஆனால் நோவை விடப் பெருமைதான் கூட. சாமி சுமந்த உடம்பு அல்லவா! பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கை நல்லெண்ணெய் தேய்த்தார்கள். என் மனிசி மட்டும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணை தொடங்கினாள்.

"நீங்கள் காவினது இடத்தோளிலயெல்லோ? நோகிறது வலத்தோளெண்டிறியள்!"

"சாமிப் பாரம் உடம்பு முழுக்கப் பரவுமப்பா. உமக்கென்ன விளங்கும்?"

"வயிறும் ஊதிக்கிடக்கு. டொக்டரிட்டப் போவம்."

"போனா ஓய்வெடுக்கச் சொல்லுவினம். நாளைக்குத் தேர். என்ர இடத்தை நடராசா பிடிச்சிடுவான்!"

(நடராசா என் கூட்டாளிதான். ஆனாலும் அவன் கண் அந்தத் தடியிலேயே இருந்தது.)

அடுத்த நாள் சாமியைத் தேருக்குக் காவிக்கொண்டு போகிறோம். கோயில் கார் பார்க்கின் நட்டநடு. மேளம் உச்சத்தில். வந்ததே அடுத்த நோ! "ஐயோ!" என்று அலறிக் கையை விட்டேன். சாமி சரிந்தது. நடராசா பாய்ந்து தோள் கொடுத்தான். நான் தாரில் விழுந்து உருண்டேன்.

"அருள் வந்திட்டுது!" என்று யாரோ கத்த, தவில்காரர் இன்னும் இறுக்கி அடித்தார். சனம் சுற்றி நின்று கும்பிட்டது. எங்கள் தெருச் சரசு என் காலில் விழுந்தாள்.

"சாமி, என்ர பிள்ளைக்கு மாப்பிள்ளை எங்க இருக்கிறான்?"

"ஆஸ்... ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி!"

"டொக்டர் மாப்பிள்ளையாம்!" சரசுவுக்கு ஆனந்தக் கண்ணீர். மனிசிதான் சனத்தை விலக்கி அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

பரமட்டாப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு சென்னைப் பிள்ளை. ஸ்கான் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தோள்ல ஒண்ணுமில்ல அங்கிள். பித்தப்பையில கல்லு. பை வீங்கிப்போய், மேல இருக்கிற மூச்சுத் தசையை உறுத்துது."

"அப்ப தோள் ஏன் பிள்ளை நோகுது?"

"அந்தத் தசையிலேர்ந்து வர்ற நரம்பும், தோள்லேர்ந்து வர்ற நரம்பும் கழுத்துக்கிட்ட தண்டுவடத்துல ஒரே செல்லுகிட்டதான் சேதி சொல்லுது. அது அப்படியே மூளைக்கு அனுப்பும். யாரு சொன்ன சேதின்னு மூளைக்குத் தெரியாது. வழக்கமா கத்துறது தோள்தானேன்னு அதுமேல பழியப் போட்டுடும்."

நோவை மறந்து எழும்பி உட்கார்ந்துவிட்டேன். அட! லிட்கம்மில் நாங்கள் முதல் இருந்த பிளாட்டிலும் இதே கதைதானே! வாசல் மணி வயரை மாறிக் கொளுவி வைத்திருந்தான்கள். மேல் வீட்டுப் பொத்தானை அமத்தினாலும் எங்கள் மணிதான் அடிக்கும். மேல் வீட்டுக்காரன் பீட்சாவுக்குச் சொல்லியிருப்பான். நான்தான் சொன்னதென்று மனிசி என்னோடு சண்டை பிடிப்பாள். அதே வயரிங்கை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் திரிந்திருக்கிறேன்! பள்ளிக்கூட வாசல் மிதிக்காத நான், வார்ட்டில் இருந்த அத்தனை பேருக்கும் இதைச் சொன்னேன். மயக்க மருந்து ஏற்றும்வரை சொன்னேன்.

கல்லும் போய்விட்டது, பையும் போய்விட்டது. நடராசா பிடித்த இடமும் போனது போனதுதான். இன்றைக்கும் யாரோ செய்த பிழைக்கு மருமகன் மனிசியிடம் ஏச்சு வாங்கினால், அவர் சொல்வது ஒன்றுதான்: "நான் தோள் மாமி, வயித்தைப் போய்க் கேளுங்கோ."

ஆனால் ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. சரசுவின் மகள், பஸ் ஓட்டுகிற நல்ல பொடியன் ஒருவனை விரும்புகிறாள். தாய்க்காரி ஆஸ்பத்திரி மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அன்றைக்குக் கத்தியது பித்தப்பை என்று நானே போய்ச் சொன்னேன்.

"கதைச்சது சாமி. உங்களுக்கென்ன தெரியும் அண்ணை?" என்றுவிட்டாள்.

கடைகண்ணியில் சரசுவைக் கண்டால், இந்த நரம்பு விசயத்தை நீங்களாவது வடிவாக விளங்கப்படுத்தி விடுங்கள். அந்தப் பொடியன் பாவம்.