தண்ணீர் குடித்த பல் செட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே மாடிப்படி வரை வரிசை. மேலே வாடகைக் கூடத்தில் நூறு பேர். நூறு மடியிலும் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கருப்புத் துணி. ஏதோ பாம்பைப் பிடித்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருந்தது கட்டைவிரல் அளவு பொம்மை.

ஜப்பான் பாணியில் இந்தக் காலத்துச் சிற்பிகள் செதுக்கும் குட்டிச் சிற்பங்கள் அவை. இறுகிய மரம், உதிர்ந்த மான் கொம்பு, தந்தம்போல் வெளுத்த காட்டுக்கொட்டை என்று இயற்கையில் கிடைப்பதில் தவளை, எலி, நத்தை எல்லாம் செதுக்குவார்கள். உள்ளங்கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. அழகுக்காகச் சேர்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இந்த நூறு பேரோ, பொம்மைக்கு உயிர் இருக்கிறது என்று சேர்த்தார்கள்.

உயிர் கொடுப்பவர் மூச்சையா. விற்கும்போது சிற்பத்தின் அடியில் இருக்கும் இரண்டு துளைகளில் ஊதுவார். அது மூக்காம். வயிற்றுக்கடியில் மூக்கு உள்ள தவளையை உலகத்திலேயே கண்டவர் இவர் ஒருவர்தான். பிறகு பெட்டிக்குள் ஒரு குறுகிய வாய்க் குப்பியில் தண்ணீர் வைத்து, துணியால் மூடச் சொல்வார்.

"பாத்துக்கிட்டே இருந்தா கூச்சப்படும். ஒரு வாரம் துணியைத் தொடாதீங்க."

வாரக் கடைசியில் துணியின் ஓரத்தை மட்டும் தூக்கித் தண்ணீரைப் பார்ப்பார். குறைந்திருந்தால் தவளை குடித்துவிட்டது. தண்ணீரோடு வீட்டாரின் வியாதியையும் குடித்துவிட்டது. குறையவில்லை என்றால் 'தாகம் திறக்க' வேண்டும். அதற்குத் தனிக் காணிக்கை. கொடுத்தவருக்குக் குப்பியை வாங்கிக்கொண்டு அகலமான தட்டு ஒன்றைத் தருவார். மறுவாரம் தட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. கூடமே வாயைப் பிளக்கும்.

பிளந்த வாய்களில் ஒன்று என் அக்காவுடையது. அக்கா தையல்காரி. சட்டைக் கழுத்து நூலளவு பிசகினாலும் பிரித்துத் தைப்பாள். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைத் தவிர யாரையும் நம்பாதவள், மூச்சையாவை மட்டும் அளக்காமல் நம்பினாள். அவளுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு டாக்டர் இரண்டு முறை தேதி கொடுத்தார். இரண்டு முறையும் வேண்டாம் என்றாள். "தவளை குடிச்சுக்கிட்டிருக்குடா" என்பாள். வலி வந்தால் மெஷின் மேலேயே கவிழ்ந்து கிடப்பாள். சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம்தான் மிஞ்சியது.

அக்காவின் நாத்தனார் பல் செட் செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து இதே மாதிரிச் சிற்பங்கள் சேர்ப்பவள்.

"அண்ணி, அந்த ரெண்டு ஓட்டையும் கயிறு கோக்கறதுக்கு. அந்தக் காலத்துல ஜப்பான்ல இடுப்புல பை தொங்கவிட இதைத்தான் மாட்டுவாங்க. தண்ணி வைக்கறது மரம் காஞ்சு வெடிக்காம இருக்க. என் அலமாரியிலயும்தான் வைக்கறேன்."

"உன் அலமாரியில தண்ணி குறையுதா?"

"குறையும்தான்."

"அப்போ உன்னுதும் குடிக்குது. உனக்குத்தான் தெரியல."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நாத்தனார் கோபப்படவில்லை.

"சரி அண்ணி. உங்க தவளையை ஒரு வாரம் என்கிட்ட குடுங்க. அவர் சொல்ற மாதிரியே மூடி வைக்கறேன். அவர் சொல்றது பொய்னு ஆச்சுன்னா, ஆபரேஷன் பண்ணிக்கறீங்களா?"

"ஆகாது. ஆனா பண்ணிக்கறேன்."

அடுத்த ஞாயிறு நாத்தனார் இரண்டு பெட்டிகளோடு வந்தாள். இரண்டின் மேலும் கருப்புத் துணி. மூச்சையா முதல் பெட்டியின் துணியோரத்தைத் தூக்கினார். தட்டு காய்ந்து கிடந்தது.

"உயிருன்னா இது உயிர். வீட்டுல இருந்த வியாதி மொத்தத்தையும் உறிஞ்சிடுச்சு."

இரண்டாவதைத் தூக்கினார். குப்பியில் தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

"இது செத்துப்போச்சும்மா. வெறும் கட்டை. தூக்கிப் போட்டுடு."

"நல்லாப் பாத்துட்டீங்களா ஐயா?"

"நான் பாத்தா பாத்ததுதான்."

நாத்தனார் இரண்டு துணிகளையும் உருவினாள். செத்துப்போன பெட்டியில், மூச்சையா தன் வாயாலேயே ஊதிக் கொடுத்த என் அக்காவின் தவளை. உயிருள்ள பெட்டியில் ஒரு முழு பல் செட், ரோஸ் நிற ஈறோடு கூடத்தைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

மூச்சையாவும் சும்மா விடவில்லை. "பல்லு ஒருத்தர் வாயில இருந்தது. அவங்க உயிர் அதுல ஒட்டியிருக்கும்."

"இது இன்னும் யார் வாய்க்கும் போகலைங்க. போன மாசம் வரைக்கும் வெறும் பிளாஸ்டிக் மாவு."

கூடத்தில் சிரிப்புக் கிளம்பியது. அக்கா சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கழுத்து நாடாவை எடுத்துக் குப்பியின் வாயில் வைத்தாள். பிறகு தட்டின் குறுக்கே வைத்தாள்.

"எவ்வளவு தண்ணி ஊத்தின?"

"ரெண்டுலயும் ஒரே அளவுதான் அண்ணி."

"குப்பி வாய் ஒரு விரல் அகலம். தட்டு ஒரு சாண். அகலமா இருந்தா சீக்கிரம் காயுது, அவ்வளவுதான்." அக்கா மூச்சையாவைப் பார்த்தாள். "போன வாரம் என் தவளை கல்லைக் குடிக்குதுன்னீங்க. இப்போ செத்துப்போச்சுங்கறீங்க. எதுங்க நிஜம்?"

ஊரெல்லாம் ஊதியவர் காணிக்கைப் பையை எடுத்து இடுக்கிக்கொண்டார். ஜனங்கள் மடமடவென்று துணிகளை உருவ ஆரம்பித்ததும் பின்கதவு வழியாக நழுவினார். ஒரே ஒருவர் மட்டும் நாத்தனாரிடம் வந்து, "அந்தப் பல் செட்டை விலைக்குத் தருவீங்களா? எங்க வீட்ல முட்டி வலி" என்று கேட்டார்.

பத்து நாளில் ஆபரேஷன் முடிந்தது. கல்லை எடுத்தது கத்திதான். தவளை இப்போது அக்காவின் மெஷின் பக்கத்தில், துணி இல்லாமல், தட்டுத் தண்ணீரோடு அழகாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த நூறு பேர் வீட்டிலும் கொடியில் போட்ட ஈரத்துணி சாயங்காலத்துக்குள் காய்கிறது. அந்த ஈரத்தை எந்தத் தவளை குடித்தது என்று அவர்கள் கேட்பதில்லை, ஏனென்றால் அவர்களுக்குத் தெரியும். தெரிந்த அறிவைக் கருப்புத் துணி போட்டு மூடச் சொல்பவன் வந்தால், ஐயா, முதலில் அந்தத் துணியைத் தூக்கிப் பாருங்கள்.