கும்பிட்டு முடியாத சிலம்படி

எனக்கு இப்போது எண்பத்தாறு வயது. பெற்றது ஏழு, வளர்த்தது எட்டு. (எட்டாவது என் மனுசன். அவரை வளர்க்கத்தான் கூடக் காலம் எடுத்தது.) மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, அதனால் எழுத்து கொஞ்சம் முன்னுக்குப் பின்னாக இருக்கும். கிளினிக்கில் இருக்கிற டாக்குத்தர் பிள்ளை, நான் குனிந்து நிலத்தைத் தொட்டு நிமிருகிறதைப் பார்த்துவிட்டு, “அம்மம்மா, இந்த வயசிலயும் இப்பிடி வளையுதே, என்ன ரகசியம்?” என்று கேட்டா. ரகசியமெல்லாம் இல்லை மோனை. வெட்கக்கேடு. அதைத்தான் எழுதுகிறேன்.

கலியாணம் முடித்து யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து இரணைமடுக் குடியேற்றத்துக்கு வந்த காலம். இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். வயலில் நாற்று நடுகிற கையோ நெல்லுக் குத்துகிற கையோ எனக்குப் பெரிதாக இல்லை. வாய் இருந்தது. என்னைப் பெற்ற அப்பு சிலம்படியில் பேர் எடுத்தவர். கிணற்றடியில் நாலு பெண்கள் கூடினால் அந்தக் கதையை எடுத்துவிடுவேன். “நான் கம்பு எடுத்தனெண்டால் ஒருத்தரும் கிட்ட வரேலாது!” இதை என் மாமி, அதாவது மனுசனின் தாய், ஒவ்வொரு நாளும் துலாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பா. மூக்கை மட்டும் ஒருக்கால் உறிஞ்சுவா.

அடுத்த காணி பூமணி. என்னை விட இரண்டு வயது இளமை. மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு அவளுக்கு முதுகு நிமிரவில்லை. குடத்தைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வரும். மருத்துவிச்சி அம்மா வந்து பார்த்துவிட்டு, “நாள் தவறாமல் குனிஞ்சு நிமிர்ந்து தேகப்பயிற்சி செய்யோணும், இல்லாட்டி கிழவியாகிறதுக்கு முன்னமே கூனிப்போவாய்” என்று சொல்லிவிட்டுப் போனா. பூமணியின் மனுசன் விடவில்லை. “வீட்டு வேலை காணாதோ? இனிக் குஸ்தியும் பிடிக்கப் போறியோ?”

பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு வெளி இருந்தது. பின்னேரங்களில் ஆம்பிளைகள் அங்கே தண்டால் எடுப்பார்கள், கம்பு சுற்றுவார்கள். காலமையில் அது சும்மாதானே கிடக்குது, எங்களுக்குத் தாருங்கோ என்று கேட்க, பூமணியோடு நாங்கள் ஒரு ஆறேழு பேர் கமக்காரர் சங்கத் தலைவரிடம் போனோம். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“பொம்பிளையளுக்கு என்னத்துக்கு அந்த வெளி? உங்களில ஒருத்திக்காவது கம்பு பிடிக்கத் தெரியுமோ?”

பூமணி என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு சொல்லுச் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

“அப்ப நல்லது. சித்திரை வருசத்தண்டு எல்லாருக்கும் முன்னால செய்து காட்டுங்கோ. சரியாச் செய்தால் வெளி உங்களுக்கு.”

இப்போது உண்மையைச் சொல்லவேண்டும். அப்பு எனக்குக் கம்பு பழக்கத் தொடங்கியது மெய். சிலம்படியில் முதல் படிப்பது வணக்கம். நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, நாலு திக்கும் திரும்பி, ஒவ்வொரு திக்குக்கும் குனிந்து நிமிர்ந்து கும்பிடவேண்டும். அது பிசகில்லாமல் வந்த பிறகுதான் அடி பழக்குவார்கள். எனக்கு வணக்கம் வந்த கிழமை நான் பெரிய பிள்ளையானேன். அப்பு கம்பை வாங்கி முகட்டில் செருகிவிட்டார். அவ்வளவுதான் என் சிலம்படி.

வருசத்தன்று மாட்டுவண்டிச் சவாரி முடிந்து, கிளித்தட்டு விளையாட்டும் முடிந்து, ஒலிபெருக்கியில் என் பேரைச் சொன்னார்கள். எனக்கு முன்னால் ஊர். ஒரு பக்கம் தண்ணீர்ப் பந்தல், அதில் வாய் வரைக்கும் மோர் நிறைந்த பெரிய மண்பானைகள். பானைகளுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய தலைவர். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

வணக்கம் வைத்தேன். அப்பு பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார், அப்படியொரு வணக்கம். முடிந்தது. அடுத்தது என்ன? எனக்குத் தெரியாது. ஆகவே திரும்பவும் வணக்கம் வைத்தேன். சிலர் கை தட்டினார்கள். (பக்தியான பிள்ளை என்று நினைத்திருப்பார்கள்.) மூன்றாம் தரமும் கிழக்கே திரும்பிக் குனியத் தொடங்க, பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

“பிள்ளை, கும்பிட்டு முடிஞ்சுதோ?”

முழு ஊரும் சிரித்தது. எனக்கு ரோசம் தலைக்கு ஏறியது. கம்பை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, பலமெல்லாம் சேர்த்து ஒரு வீச்சு வீசினேன். கண்ணைத் திறந்தபோது கையில் கம்பு இல்லை. அது பந்தலுக்குள் போய்விட்டது. நடுப்பானை இரண்டாகப் பிளந்து, தலைவர் தலை முதல் கால் வரை மோரில் குளித்து, மீசையில் கறிவேப்பிலையோடு நின்றார்.

ஓடியிருக்கவேண்டும், அழுதிருக்கவேண்டும். என் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நான் தலைவரைப் பார்த்துத் திரும்பி, குனிந்து, நிலத்தைத் தொட்டு, இன்னொரு வணக்கம் வைத்தேன்.

“இதுக்குத்தான் சொன்னனான்!” என்று அவர் வேட்டியைப் பிழிந்தார். “இனி ஒரு பொம்பிளையும் அந்த வெளிப்பக்கம் காலடி வைக்கப்படாது!”

வீட்டுக்கு வரும்போது பூமணி என்னை ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். அவள் இடுப்பில் கையை ஊன்றி, வரம்பில் மெல்ல மெல்ல எனக்கு முன்னால் நடந்தாள். அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அன்றிரவு என் மனுசன் கேட்டார், “இஞ்சேரும், மெய்யாச் சொல்லும். நீர் எவ்வளவு பழகினீர்?”

“வணக்கம் வரைக்கும்.”

அவர் தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். கட்டில் குலுங்கியது. அந்தக் கதையை ஒருவருக்கும் சொல்லாமல் தன்னோடேயே கொண்டுபோய்விட்டார், நல்ல மனுசன். ஊருக்கு நான் சொன்னது வேறு: வேர்வையில் கை வழுக்கிவிட்டதாம். சங்கதி ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்த அப்புவுக்கும் போனது. வந்துபோன ஆளிடம் சொல்லிவிட்டார்: “வணக்கம் பிசகேல்லையாம். அது காணும்.” ஏசியிருக்கலாம் அவரும்.

பிறகு ஒருநாள் பூமணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, அண்டைக்கு நீங்கள் கும்பிட்டது முழுக்கக் குனியிறதும் நிமிருறதும்தானே?”

“ஓம்.”

“அதைப் பழக்கி விடுங்கோ. என்ர மனுசன் தேகப்பயிற்சி செய்யாதை எண்டுதான் சொன்னவர். கும்பிடாதை எண்டு ஆர் சொல்லப் போயினம்?”

எனக்கு வராத புத்தி அது. மறுநாள் விடியவே கோயில் முன்வாசலில் நின்று நாலு திக்கும் கும்பிடத் தொடங்கினோம். ஒருத்தரும் தடுக்கவில்லை. ஐயர் எங்களுடைய பக்தியை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் பெருமையாய்ச் சொல்லிப் புழுகினார். கொஞ்சநாளில் தலைவர் தன் மனுசியையே கூட்டிக்கொண்டு வந்து விட்டார். “நீயும் போய்க் கும்பிடு, வீட்டுக்கு நல்லது.” அவ குனிகிறபோதெல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவா. மாரி பிறக்கிறதுக்குள் பூமணி நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

அதன்பிறகு விடவில்லை. யுத்தத்தில் ஓடின ஊரெல்லாம், இருந்த கூடாரமெல்லாம், விடியக் கும்பிட்டோம். துவக்கோடு நின்றவர்களும் தடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் யாராவது நேரமாகியும் வெளிக்கிடச் சுணங்கினால், “கும்பிட்டு முடிஞ்சுதோ?” என்றுதான் இன்றைக்கும் கேட்பார்கள். மகளைத் தாலி கட்டக் கூட்டிப்போகிற நேரத்திலும் கேட்டார்கள். கனடாவில் பிறந்த பூட்டப்பிள்ளை, தமிழ் சரியாக வராது, அவனும் கேட்கிறான். நான் சிரிப்பேன். முகம் மட்டும் சுடும்.

ஏனென்றால் பூமணி ஒவ்வொரு வருசமும் கேட்பாள், “அடியை எப்ப அக்கா பழக்குவீங்கள்?” நானும், “முதல் வணக்கம் சரிவரட்டும்” என்பேன். இந்தா, போன சித்திரைக்கும் கேட்டவள்.

எடியே பேத்தி, இஞ்ச வா. எழுதினதை ஒருக்கால் வாசிச்சுக் காட்டு, பிழை இருந்தால் திருத்துவம். பொறு, பொறு, முதல்ல அந்த வேலிப்பக்க யன்னலைச் சாத்து. பூமணிக்கு இன்னும் நல்லாக் காது கேக்கும்.