செய்திக் குறிப்பில் ஒரு தாய்

இந்த முறை என் செய்திக் குறிப்பு பத்திரிகையில் வந்தே தீரும் என்று பல் தேய்க்கும்போதே சபதம் செய்தேன். வராவிட்டால் முதலாளி என்னைக் கிடங்குக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் கம்பெனி தொட்டில் செய்கிறது. புது ரகம். பட்டனை அமுக்கினால் தானாக ஆடும். அதைப் பற்றி நான் எழுதி அனுப்பிய குறிப்புகள் எல்லாம் பத்திரிகை ஆபீஸ்களின் குப்பைக் கூடைகளில் சுகமாக உறங்கிக்கொண்டிருந்தன.

புதிதாக எழுதியதை மனைவியிடம் வாசித்தேன். அவள் தோளில் எங்கள் பாப்பா வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

"புரட்சிகரமான, ஈடு இணையற்ற, உலகத் தரம் வாய்ந்த..."

"ஏங்க, இன்னும் தொட்டிலே வரலையே?"

"வரும், இரு."

"அதுக்குள்ள படிக்கிறவர் தூங்கிடுவார். அப்புறம் தொட்டில் எதுக்கு? பேருக்கு ஒரு மனுஷராவது இருக்காங்களா இதில?"

"உனக்கு என்ன தெரியும்?" என்று சீறிவிட்டு ஆபீஸ் போனேன். போனதும் முதல் வேலையாக ஒரு மனுஷியைச் சேர்த்தேன். 'தொட்டிலில் போட்டதும் என் பாப்பா கண்ணை மூடிவிடுகிறாள், நானும் விடியும்வரை தூங்குகிறேன் என்று ஒரு தாய் ஆனந்தக் கண்ணீருடன் கூறினார்.'

அப்படி ஒரு தாய் உலகத்திலேயே கிடையாது. கண்ணீர் என்னுடையது.

அனுப்பிய மறுநாளே ஒரு பத்திரிகையிலிருந்து பெண் நிருபர் போன் செய்தார்.

"சார், தொட்டில் கிடக்கட்டும். அந்த அம்மாவைப் பார்க்கணுமே. நாளைக்கு போட்டோகிராபரோட வர்றோம். யார் சார் அவங்க?"

முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாக்கு உளறிவிட்டது. "என் வீட்டுக்காரிதான் மேடம்."

வீட்டுக்கு வந்து காலில் விழாத குறை.

"என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் இல்லம்மா, விளம்பரம்."

"நீங்க கொண்டுவந்த தொட்டில்ல துவைச்ச துணிதான் ஆடிக்கிட்டிருக்கு. பாப்பா எங்க தூங்கறா? நான் எங்க தூங்கறேன்?"

நியாயமான கேள்வி. பாப்பா பிறந்ததிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கியதில்லை. நானோ, 'காலையில ஆபீஸ் இருக்கு' என்ற ஒரே மந்திரத்தைச் சொல்லி எல்லா ராத்திரியும் தூங்கியவன்.

"கிடங்குக்கு அனுப்பிடுவாங்கம்மா!"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பொய் சொல்லமாட்டேன். ஆனா உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. அவங்க வந்தா நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சரியா?"

கல்யாணமான நாளிலிருந்து பழகிய நிபந்தனை. தலையாட்டினேன்.

வந்தார்கள். நிருபரும் அவளும் உள்ளறையில் குசுகுசுவென்று பேசினார்கள். பாப்பாவை என் தோளில் சாய்த்து, தொட்டில் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். வாயைத் திறக்கவே இல்லை நான்.

அடுத்த நாள் பேப்பரில் பாதிப் பக்கத்துக்கு என் படம்! தலைப்பு: 'மனைவி தூங்க, விழித்திருக்கும் தந்தை!' கீழே: 'தொட்டில் கம்பெனியில் வேலை செய்யும் இவர், இன்று முதல் ராத்திரி முழுக்கக் குழந்தை தன் பொறுப்பு என்று அறிவித்திருக்கிறார். தொட்டில் இவருக்கு ஒத்தாசை.'

முதலாளி போனில் குதித்தார். "கடையில கூட்டம் தாங்கலைய்யா! தொட்டிலோட அப்பாவையும் சேர்த்துத் தருவீங்களான்னு கேக்கறாங்க! கம்பெனி மானம் உங்க தோள்லதான் இருக்கு. ராத்திரி நீங்க தூங்கினதா என் காதுல விழுந்துச்சு, தொலைஞ்சீங்க!"

பேப்பரோடு மனைவியிடம் ஓடினேன்.

"நான் எப்ப அறிவிச்சேன்?"

"வேண்டாம்னு சொன்னீங்களா? பேசாமதானே நின்னீங்க."

"அந்த நிருபர் இப்படிக் கதை கட்டுவாங்கன்னு..."

"பாவம், அவங்களை ஏன் சொல்றீங்க? நான்தான் ஒரு செய்திக் குறிப்பு எழுதிக் குடுத்தேன். ஒரு வரிகூட வெட்டாம போட்டிருக்காங்க, பாருங்க."

பார்த்தேன். கடைசி வரியையும் வெட்டவில்லை. 'குழந்தை தூங்காமல் அவதிப்படும் தாய்மார்கள் எந்த நேரமும் இவரிடம் யோசனை கேட்கலாம்.' பக்கத்தில் என் போன் நம்பர்.

போன் அடித்தது. பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, "எடுங்க, உங்களுக்குத்தான்" என்றாள். பட்டப்பகலிலேயே தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்துவிட்டாள்.